உள்ளங்கையில் ஒரு கம்ப்யூட்டர்

வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வாங்குவதென்றால் நம்மவர்கள் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். விலை என்ன? எத்தனை காலம் உழைக்கும்? எதிர் வீட்டில் வாங்கிவிட்டார்களா? மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?" என்பதே அது. எல்லாவற்றிலும் முதலாவதாகக் கேட்கவேண்டிய இந்தக் கேள்வி மட்டும், சாமான் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி முடிந்த பிறகே நினைவுக்கு வருகிறது.

இந்த வாரம் நாம் எழுதப் புகுந்த விஷயத்துக்கு அந்த நான்காவது கேள்விதான் உயிர்நிலை. ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் என்று ஒரு பொருள் சில ஆண்டுகளாகக் கடைகளில் விற்பனையாகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுள்ள வீடுகளில் அதைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. "பையன் கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர்கள் நம்மிடம் விசாரிக்கிறார்கள். உபாத்தியாயர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன்? நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் அது என்ன பொருள் என்பதைப் பார்ப்போம். ஒரு தபால் கார்டைப் பாதியாக மடித்தால் அதற்குள் அடங்கிவிடும் அளவுள்ள பச்சை நிறப் பலகை அது. திரை கிடையாது, தட்டெழுத்துப் பலகை கிடையாது, மேலே மூடும் பெட்டிகூடக் கிடையாது. கறுப்புச் சில்லுகளும், வெள்ளிக் கோடுகளும், ஒரு பக்கத்து ஓரத்தில் இரண்டு வரிசையாக நாற்பது ஊசிகளுமாகத் துணியுடுத்தாத குழந்தையைப்போல் காட்சியளிக்கும். ஆயினும் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர் செய்யும் காரியங்களில் பெரும்பாலானவற்றை இதுவும் செய்யும். இவ்வகையில் மிகுந்த பெயர் பெற்றது 'ராஸ்பெரி பை' என்பதாகும்.

இது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இதை எதற்காக வாங்கவேண்டும் என்பது தானே விளங்கிவிடும். இங்கிலாந்தில் பி.பி.சி. என்னும் ஒலிபரப்பு ஸ்தாபனத்தார் 1980-களின் தொடக்கத்தில், கம்ப்யூட்டர் அறிவைப் பொதுஜனங்களிடையே பரப்புவதற்கு ஒரு திட்டம் வகுத்தார்கள். அதற்காகக் கேம்பிரிட்ஜ் நகரத்திலிருந்த ஏகார்ன் கம்பெனியார் செய்து கொடுத்த 'பி.பி.சி. மைக்ரோ' என்ற யந்திரம் 1981-ஆம் ஆண்டில் வெளிவந்து, அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பரவியது. அதன் விசையைப் போட்டால் படமும் வராது, பாட்டும் வராது. 'பீப்' என்று ஓர் ஓசை கேட்கும். கறுத்த திரையில் சிறு அடையாளம் ஒன்று தோன்றி, "என்ன கட்டளை?" என்று கேட்பதுபோல் காத்து நிற்கும். பேஸிக் என்ற பாஷையில் பிள்ளைதான் ஏதாவது எழுதவேண்டும். எழுதாவிட்டால் யந்திரமும் சும்மா இருக்கும். அவ்விதம் கைகட்டி நின்ற யந்திரங்களின் முன்னால் உட்கார்ந்தே அந்நாட்டில் ஒரு தலைமுறை நிரல் எழுதக் கற்றுக்கொண்டது. அதே கம்பெனியில் ஸோஃபி வில்ஸன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் வடிவமைத்த 'ஆர்ம்' என்னும் சில்லு 1985-இல் முதன்முதலாக இயங்கியது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள செல்போன்களுக்கு மூளையாக இருப்பது பெரும்பாலும் அந்த வம்சத்துச் சில்லுதான்.

பின்னர் காலம் மாறிற்று. கம்ப்யூட்டர் அழகான பெட்டிக்குள் புகுந்துகொண்டது. விசையைப் போட்டால் வண்ண வண்ணப் படங்கள் வந்தன. விளையாட்டுக்கென்று தனி யந்திரம் வந்தது. அப்பா உத்தியோகத்துக்காக வைத்திருக்கும் கம்ப்யூட்டரைப் பிள்ளை தொட்டால் வீட்டில் ரகளையாயிற்று. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் பயில விண்ணப்பம் போடுவோரின் தொகை குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்களிலும், முன்போல் வீட்டிலேயே நிரல் எழுதிக் கைதேர்ந்தவர்கள் அருகிப்போனார்கள். அங்கே மாணாக்கர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் சம்பந்தப்பட்டிருந்த எபென் அப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் இதைக் கவனித்தார்கள். பிள்ளைகளுக்குப் புத்தி குறைந்துவிட்டதா? இல்லை. "கெடுத்தாலும் பாதகமில்லை, தொட்டுப் பார்" என்று சொல்லி அவர்கள் கையில் கொடுக்கக்கூடிய யந்திரம் வீட்டில் இல்லாமற் போயிற்று, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட யந்திரத்தைச் செய்வதற்கென்றே 2009-இல் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி முதல் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். பத்தாயிரம் பலகை விற்றால் அதிர்ஷ்டம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். விற்பனை தொடங்கிய அன்று காலையிலேயே அதை விற்க முன்வந்த இரண்டு கம்பெனிகளின் இணையக் கடைகளும் கூட்டம் தாங்காமல் ஸ்தம்பித்து நின்றன. 2016 செப்டம்பருக்குள் விற்ற தொகை ஒரு கோடியைத் தொட்டது. இதற்கிடையில் 2015 நவம்பரில் 'ஸீரோ' என்ற இன்னும் சிறிய பலகையை 5 டாலர் விலையில் வெளியிட்டார்கள். அதைத் தங்களுடைய பத்திரிகை ஒன்றின் அட்டையில் ஒட்டி இலவசமாகவும் கொடுத்தார்கள். பத்திரிகையோடு நாட்காட்டியும் வர்ணப் படமும் இணைப்பாகப் பெற்றுப் பழகிய நமக்கு, கம்ப்யூட்டரே இணைப்பாக வந்தது என்றால் ஆச்சரியமாயிருக்கும். அதற்கு அடுத்த மாதம், டிம் பீக் என்ற ஆங்கிலேய விண்வெளி வீரர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, இரண்டு ராஸ்பெரி பைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள் எழுதியனுப்பிய நிரல்கள் அவற்றில் ஓடின.

மலிவான விலை இந்தப் பலகைக்குப் பெருமைதான். ஆனால் அது இரண்டாவது பெருமை. பிள்ளைகள் பயமின்றிக் கைவைக்கலாம் என்பதே முதற் பெருமை. நிரல் எழுதுகையில் எதையாவது தாறுமாறாக்கிவிட்டால், அதன் மெமரி கார்டை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் செருகி மறுபடியும் எழுதிவிடலாம். பலகை புனர்ஜன்மம் எடுத்துவிடும். நம் வீடுகளில் இன்று கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. செல்போன் என்ற உருவத்தில் ஆளுக்கொன்று இருக்கிறது. ஆனால் அது "என்ன கட்டளை?" என்று நம்மைக் கேட்பதில்லை. "இதைப் பார், அதை வாங்கு, இன்னும் கொஞ்சம் நகர்த்து" என்று நமக்கு அது கட்டளையிடுகிறது. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரையில் யந்திரத்தின் சொற்படி நடக்கும் பிள்ளைகள், ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது யந்திரத்தைத் தங்கள் சொற்படி நடத்திப் பார்க்கவேண்டாமா? அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்தப் பலகையை வாங்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. வாங்கலாம் என்று தீர்மானித்தவுடன் கடைக்கு ஓடக்கூடாது. எந்தப் பலகை என்பது அடுத்த கேள்வி. இதில் இரண்டு ஜாதிகள் உண்டு. முதலாவது, ராஸ்பெரி பையைப்போல் முழுக் கம்ப்யூட்டராகவே இயங்குவது. திரையை இணைக்கலாம்; கட்டுரை எழுதலாம்; இணையத்தில் உலாவலாம்; பைத்தான் பாஷையில் நிரல் எழுதலாம். இரண்டாவது, ஒரே நிரலை மனத்தில் வைத்துக்கொண்டு இரவு பகலாக அதையே செய்துகொண்டிருக்கும் சிறு மூளை. இத்தாலி தேசத்தில் இவ்ரேயா என்னும் ஊரில் 2005-இல் மாணாக்கர்களுக்காக உண்டாக்கப்பட்ட 'ஆர்டுயினோ'வும், ராஸ்பெரி பைக்காரர்களே 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வெளியிட்ட 'பிக்கோ'வும் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நிரலை வீட்டிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரில் எழுதி, ஒரு கேபிள் மூலம் ஏற்றிவிட வேண்டும்.

கடைக்காரர்கள் முதல் ஜாதியையே எடுத்துக் காட்டுவார்கள். அதன் விலை அதிகம். ஆனால் வீட்டில் பிள்ளைகள் செய்ய ஆசைப்படும் காரியங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது ஜாதியே போதும். சில சமயங்களில் அதுதான் பொருத்தமும்கூட. ஓர் உதாரணம் சொல்கிறோம். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சொல்லும் கருவி செய்யவேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்படுவதுண்டு. மலிவான ஈரமானிகள் ஈரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தருகின்றன. ராஸ்பெரி பைக்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு பதில்கள்தாம் புரியும். நடுவிலுள்ள தரங்களை நேரே அளக்க அதில் வழியில்லை. அதற்கென்று தனிச் சில்லு ஒன்றை வாங்கி இடையில் பொருத்தவேண்டும். விலை குறைந்த ஆர்டுயினோவும் பிக்கோவும் அதை நேரே அளந்துவிடும். காரியத்தைத் தீர்மானிக்காமல் பலகையை வாங்குவதனால் வரும் சங்கடம் இதுதான்.

நமது மாணாக்கி ஒருத்தியின் விஷயத்தை இங்கே சொல்வது பொருத்தமாயிருக்கும். எட்டாம் வகுப்பில் படிப்பவள். அவளுடைய தகப்பனார் மூத்த பிள்ளைக்கென்று ஒரு பிக்கோ வாங்கி வந்தார். பிள்ளையாண்டான் இரண்டு நாள் அதில் ஒரு விளக்கை மினுக்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டான். அந்த வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதும், "யார் மோட்டாரை நிறுத்தவில்லை?" என்ற விசாரணையும் அன்றாட நிகழ்ச்சிகள். விசாரணையில் பெரும்பாலும் குற்றவாளியாக நின்றது அந்தப் பெண்தான். அவள் அலமாரியைத் திறந்து பலகையை எடுத்தாள். தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு மிதவை சுவிட்ச். சமையலறைச் சுவரில் ஒரு பஸ்ஸர். இரண்டையும் பலகையோடு சேர்க்கக் கம்பி. நிரலில் இருந்தது ஐந்தாறு வரிகள்தாம். "மிதவை மேலே வந்துவிட்டதா என்று பார். வந்திருந்தால் ஒலி எழுப்பு. இல்லாவிட்டால் சும்மா இரு. மறுபடியும் பார்."

முதல் நாள் பஸ்ஸர் 'டிக் டிக்' என்று விட்டுவிட்டுக் கத்திற்று. தண்ணீர் விழும் வேகத்தில் மேற்பரப்பு அலைய, மிதவையும் கூடவே எழுந்து விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாள் யோசித்து, மிதவை தொடர்ந்து ஐந்து விநாடி மேலே இருந்தால்தான் ஒலிக்கவேண்டும் என்று நிரலில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் வழியவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. அந்த ஐந்து விநாடி நிபந்தனையை எந்தப் பாடப் புத்தகமும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தொட்டிதான் சொல்லிக் கொடுத்தது. பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பலகை வாங்கினால் "அண்ணனுடையது" என்று எழுதி ஒட்டவேண்டாம்; கூடத்தில் மேஜைமேல் வையுங்கள். யார் கை அதை நாடிப் போகிறதோ அந்தக் கைக்கு உரியது அது.

வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும், பிள்ளை நிரல் எழுதவே பழகவேண்டுமென்றாலும், முதல் ஜாதிப் பலகையை வாங்கத்தான் வேண்டும். அப்பொழுது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பலகையின் விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு கிளம்புகிறவர், அரிசி விலையை மட்டும் கேட்டுக்கொண்டு கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போடுகிறவருக்குச் சமானம். மின்சாரம் கொடுக்கும் அடாப்டர், மெமரி கார்டு, தட்டெழுத்துப் பலகை, மவுஸ், மேலே மூடும் பெட்டி, சூட்டைத் தணிக்கும் சிறு விசிறி, திரையோடு இணைக்கும் கேபிள் ஆகியவை எல்லாம் தனித்தனியே விலை பெறும். திரைக்கு வீட்டிலுள்ள டெலிவிஷனே போதும். ஆனால் ராஸ்பெரி பையின் 4-ஆம், 5-ஆம் மாதிரிகளுக்குச் சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிளின் முனை பொருந்தாது. அதனினும் சிறிய முனையுள்ள கேபிள் வேண்டும். பண்டிகை நாளன்று பெட்டியைப் பிரித்துவிட்டுக் கேபிளுக்காகக் கடைத்தெருவில் அலைவதைக் காட்டிலும் முன்கூட்டியே ஜாபிதா எழுதிக்கொள்வது நலம். தட்டெழுத்துப் பலகைக்குள்ளேயே கம்ப்யூட்டரை அடக்கிய மாதிரி ஒன்றையும் 2020 நவம்பரில் வெளியிட்டார்கள். உதிரிச் சாமான்களோடு போராட விரும்பாத குடும்பங்களுக்கு அந்த வகை சௌகரியமானது.

நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பது அடுத்த தர்மசங்கடம். ஒரே மாதிரியில் நினைவகத்தின் அளவை ஒட்டி விலை ஏறிக்கொண்டே போகும். 5-ஆம் மாதிரி 2023-இல் வந்தபோது 4 ஜி.பி. உள்ளதற்கு 60 டாலர், 8 ஜி.பி. உள்ளதற்கு 80 டாலர் என்று விலை வைத்தார்கள். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதால் பலகையின் விலையும் ஏறிற்று. "பெரியதாக வாங்கினால் பின்னால் உதவும்" என்பது பாத்திரக் கடையில் வேண்டுமானால் நியாயமாயிருக்கலாம். நிரல் எழுதப் பழகும் பிள்ளைக்கு 2 ஜி.பி. தாராளம். மிச்சப்படும் பணத்தில் மின்தடைகளும், சிறு விளக்குகளும், ஈயம் பற்றவைக்காமலே கம்பிகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு ஒன்றும் வாங்கிவிடலாம். பிள்ளைக்குக் கைவேலை கிடைப்பது அவற்றால்தான்.

பலகை வந்த பிறகு கவனிக்கவேண்டியவை நான்கு. முதலாவது, கையில் அகப்பட்ட செல்போன் சார்ஜரைக் கொண்டு ராஸ்பெரி பையை ஓட்டக்கூடாது. 5-ஆம் மாதிரிக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரக்கூடிய அடாப்டர் உசிதம். மின்சாரம் போதாமற் போனால் திரையின் மூலையில் மின்னல் அடையாளம் தோன்றும். பலகை பசிக்கிறது என்று சொல்லும் பாஷை அது. இரண்டாவது, ராஸ்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ட் அளவுக்கே பழகியவை. உள்ளே செய்தி கொண்டுவரும் ஊசியில் 5 வோல்ட் செலுத்தினால் சில்லு கெட்டுப்போகலாம். மெமரி கார்டைத் திருத்துவதுபோல் இதைத் திருத்த முடியாது. மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று மின்சாரத்தை நிறுத்தினால் மெமரி கார்டிலுள்ளவை சிதைந்துபோவதுண்டு. அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் இடங்களில், எழுதிய நிரலை வேறோரிடத்திலும் பிரதி எடுத்து வைப்பது அவசியம். நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தோடு இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் ஒலிக்கட்டும். மோட்டாரை மனிதர் நிறுத்தட்டும். பலகையே மோட்டாரை நிறுத்தவேண்டுமென்ற ஆசை எழுந்தால், அந்த வேலையைத் தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

பிற நாட்டுச் சரக்கைப் பற்றியே எழுதுகிறீரே, நம் நாட்டில் ஒன்றும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரால் சில்லுகளை வடிவமைத்து வருகிறார்கள். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனத்தார் 'தேஜஸ்' என்ற சில்லைக் கொண்டு 'ஏரீஸ்' என்னும் பலகையைச் செய்திருக்கிறார்கள். அது நாம் மேலே சொன்ன இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. ஆர்டுயினோவுக்கு நிரல் எழுதும் மென்பொருளைக் கொண்டே அதற்கும் எழுதலாம். ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குப் பலகையைக் காட்டிலும் அதைப் பற்றிய பாடங்களும் விளக்கங்களும் முக்கியம். அவை ராஸ்பெரி பைக்கும் ஆர்டுயினோவுக்கும் ஏராளம். ஆகையால் முதல் பலகை எதுவாகவேனும் இருக்கட்டும். கை பழகிய பிறகு இரண்டாவதாக ஏரீஸை வாங்கிப் பார்க்கட்டும். இங்கே வடிவமைத்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிரல் எழுதும் பிள்ளைக்கு, "அடுத்த சில்லை நாமே வடிவமைத்தால் என்ன?" என்ற எண்ணம் தோன்றுவது சாத்தியம். அங்கே கேம்பிரிட்ஜில் நடந்ததும் அதுதானே?

பிள்ளையோ பெண்ணோ உங்களிடம் வந்து பலகை கேட்டால், உடனே சரியென்றும் சொல்லவேண்டாம், முடியாதென்றும் சொல்லவேண்டாம். ஒரு காகிதத்தைக் கொடுத்து, "அதை வைத்து நம் வீட்டில் எந்தத் தொல்லையைத் தீர்க்கப் போகிறாய்? நாலு வரி எழுதிக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். எழுதிக் கொண்டு வந்தால், எந்தப் பலகை வேண்டும் என்பது அந்தக் காகிதத்திலிருந்தே தெரிந்துபோகும். தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். எழுத விஷயம் அகப்படவில்லையென்றால் இன்னும் ஒரு மாதம் போகட்டும். கடையும் ஓடிப்போகாது, தொல்லைகளும் ஓடிப்போகா. வாங்கிக் கொடுத்த பிறகு பலகை ஒருநாள் புகைந்து கருகிப்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொகையைப் பள்ளிக்கூடச் சம்பளம் எழுதும் பக்கத்திலேயே எழுதிவிட்டு, எந்த ஊசியில் எந்தக் கம்பியைச் செருகினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.